ஏற்காட்டில் விளக்க மையம்: மே மாதம் போக மீதி நாளில் என்ன நிகழ்ச்சி வைக்கலாம்?

கன்னங்குறிச்சி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு எஸ்டேட் குடும்பம் தங்களுடைய பழைய கல் கட்டடத்தை எங்கள் நண்பர்கள் குழுவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வாடகை கிடையாது, கரண்ட் பில்லும் ஓடு மாற்றும் செலவும் எங்களுடையது. ஒரு அறையில் சேர்வராயன் மலையின் வரலாறு, இன்னொரு அறையில் மலையின் மரம், செடி, பறவை, பூச்சி என்று படங்களும் சில பொருட்களும் வைத்துச் சின்ன விளக்க மையமாக நடத்திவருகிறோம். ஆசிரியர்கள் சிலர், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அவ்வளவுதான் எங்கள் ஆள்பலம். எல்லோரும் சேலத்திலிருந்து சனி ஞாயிறு மேலே வந்து போகிறவர்கள்.

மே மாதம் கோடை விழா நடக்கும்போது உள்ளே நிற்க இடம் இருக்காது. வருகிறவர்கள் அவசரத்தில் வருகிறார்கள், இரண்டு படத்தைப் பார்த்துவிட்டு ஏரிக்கும் அண்ணா பூங்காவுக்கும் வழி கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் மையம் காலி. மழைக்காலத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்களே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் இந்த மலை மே மாதத்தில் மட்டுமா இருக்கிறது? பருவத்துக்குப் பருவம் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து கலந்துகொள்கிற மாதிரி நிகழ்ச்சிகள் வைத்தால், ஒருமுறை வந்த குடும்பம் திரும்பவும் வரும் என்று நம்புகிறோம். மே மாதத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கே விட்டுவிட்டு மற்ற மாதங்களில் மட்டும் கவனம் வைக்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

போன வருடம் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரை நம்பி வார விழா மாதிரி ஒன்று நடத்தினோம். மைக் செட், பலூன், ஓவியப் போட்டி எல்லாம் இருந்தன, இந்த மலை மட்டும் அதில் இல்லை. அதைச் சேலத்தில் ஏதாவது ஒரு மண்டபத்தில் நடத்தியிருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எந்தப் பருவத்தில் இந்த மலையில் என்ன நடக்கிறது, அதில் எதை மக்களுக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது? கட்டணம் வைக்கலாமா? மலைக்கிராமத்துப் பிள்ளைகளை எப்படி உள்ளே கொண்டுவருவது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

காபிக்களம்:

டீச்சர், வாழவந்தி பக்கம் எங்களுக்குச் சின்னத் தோட்டம் உண்டு, அதனால் எனக்குத் தெரிந்த காபியிலிருந்து சொல்கிறேன். ஏற்காடு என்றால் காபி என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் காபிப் பூவைக் கண்ணால் பார்த்த சேலத்துக்காரர்கள் மிகவும் குறைவு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை, ஒரு அங்குலமாவது விழ வேண்டும், அதைத்தான் பூமழை என்கிறோம். அதுவரை மொட்டு வளராமல் அப்படியே செடியில் காத்துக்கொண்டிருக்கும். மழை பட்டதும் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் பூத்துவிடும். ஒரு கிளையை வளைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் இலை அடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கொத்து நிற்கும், மல்லிகை வாசனை, காது நிறைய தேனீச் சத்தம். இரண்டு மூன்று நாள்தான். அப்புறம் பழுப்பு நிறமாகி உதிர ஆரம்பித்துவிடும்.

இதற்கு முன்கூட்டித் தேதி குறிக்க முடியாது. என்னைக் கேட்டால் அப்படிக் குறிக்காமல் நடத்துவதுதான் நல்லது. மையத்து வாசலில் ஒரு மழைமானி வையுங்கள், பெய்த அளவைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் தினம் படித்துக் கரும்பலகையில் எழுதட்டும். பூமழை விழுந்த அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் "மழை வந்துவிட்டது, அடுத்த வாரம் தயாராக இருங்கள்" என்று ஒரு தகவல் போடுங்கள். பெயர் கொடுத்தவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் உறுதி செய்யுங்கள். மழை பார்த்து நாள் குறிப்பது என்றால் என்ன என்று நகரத்துப் பிள்ளைக்கு வேறு எப்படிப் புரியும்? பூவோடு கதை முடிவதில்லை என்பதையும் சொல்லுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு மழை வர வேண்டும், அது பொய்த்தால் பிஞ்சு நிற்காது, வருடம் முழுக்கக் கணக்குப் போட்டது அங்கேயே போய்விடும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் எடுப்பு. அந்தச் சமயத்தில் வருகிறவர்களுக்குச் சிவந்த பழத்தை விரலால் பிதுக்கிக் காட்டுங்கள், வழவழப்பாக இரண்டு விதை வெளியே வரும், வாயில் போட்டால் இனிக்கும். பல்ப்பர் இயந்திரத்தில் தோல் உரிப்பது, ஊறவைப்பது, கழுவுவது, களத்தில் பரப்பிக் காயவைப்பது, இத்தனையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கப் காபி குடித்தால் அந்தக் காபிக்கு மதிப்பே வேறு. ஒரே ஒரு வேண்டுகோள். பழம் எடுக்கிற பெண்களைப் படம் எடுப்பதற்காக நிறுத்தாதீர்கள். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார்கள், நின்ற நேரம் அவர்களுக்கு நஷ்டம். அவர்களில் யாராவது பேச ஒப்புக்கொண்டால் அந்த நாள் கூலியைக் கொடுத்து மையத்துக்கு அழைத்துப் பேச வையுங்கள்.

வரலாற்று அறையில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கிரேஞ்ச் எஸ்டேட்டில் காபி நட்டதை எழுதியிருப்பீர்கள். எழுத வேண்டியதுதான். அந்தச் செடிக்குக் குழி வெட்டியவர்கள், காட்டைத் திருத்தியவர்கள், மூட்டையை அடிவாரம் வரை இறக்கியவர்கள் யார் என்பதற்கும் ஒரு சுவரை ஒதுக்குங்கள்.

கல்லும்மண்ணும்:

டீச்சர் அம்மா, நான் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மழைக்காலத்தில் ஆள் வருவதில்லை என்கிறீர்கள். மழைக்காலம் உள்ளே உட்கார்ந்து பார்ப்பதற்கான காலம். அந்த மாதங்களுக்கு ஒரு கல் மேசை போடுங்கள். கண்ணாடிப் பெட்டி வேண்டாம், கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

நான்கு கல் போதும். முதலில் இந்த மலையின் உடம்பே ஆன சார்னோக்கைட், சுமார் 250 கோடி ஆண்டு வயது. புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள், எண்ணெய் பூசியது மாதிரி பச்சையும் சாம்பலும் கலந்து மினுங்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த அதே கல்லின் வெளிப்பக்கம் துருப் பிடித்த நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே கல்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அங்கேயே பாடம் ஆரம்பித்துவிடும். இரண்டாவது, சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுச் சமவெளியின் பாக்சைட். லட்சக்கணக்கான ஆண்டு மழை பாறையிலிருந்து மணல்சத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போக, கரையாத அலுமினியமும் இரும்பும் மேலேயே தங்கிப்போன மிச்சம் அது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள், வெட்டின தழும்பு இன்னும் தெரியும். மூன்றாவது, கீழே ரயிலில் ஓமலூர்ப் பக்கம் போகும்போது தெரிகிற வெள்ளைக்கல், மக்னசைட், உலைக்குள் அடுக்கும் செங்கல் செய்ய உதவுவது. அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். நான்காவது, கஞ்சமலையின் இரும்புக்கல். பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு காந்தத்தைத் தொங்கவிடுங்கள், வேறு விளக்கமே வேண்டியதில்லை. இந்த நான்கும் சேர்ந்ததுதான் சேலம். உருக்காலை ஏன் இங்கே வந்தது, மலை ஏன் வெட்டப்பட்டது என்பதெல்லாம் இந்த மேசையிலிருந்தே பேசலாம்.

வரலாற்றுக்கு வருகிறேன். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததைக் கையில் கல்லோடு நிரூபித்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் எடுத்த ஒரு கற்கோடரியால் இந்த நாட்டு மனிதனின் வயது புத்தகங்களில் பல்லாயிரம் ஆண்டு பின்னால் போனது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர், அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் மறைந்தார். தமிழ் உரைநடை வரலாற்றிலும் கற்கால ஆய்விலும் இவ்வளவு பெரிய இரண்டு பேர் இந்த ஊர் மண்ணில் இருக்கிறார்கள், வருடம் முழுக்க வந்துபோகும் கூட்டத்துக்கு அது தெரியாது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. டிசம்பர் 29 அரையாண்டு விடுமுறைக்குள் வருகிற நாள். தேவாலயத்தில் அனுமதி கேட்டு, அன்று காலை அங்கிருந்து மையம் வரை ஒரு நடை வையுங்கள். நடுநடுவே நின்று பேச நான் வருகிறேன்.

இன்னொன்று. வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் இந்த மலையில் நிறையக் கிடைத்தவை. மலைக்கிராம மக்கள் அவற்றைப் பொறுக்கி மரத்தடியிலும் பிள்ளையார் கோயிலிலும் வைத்துக் கும்பிட்டுவந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கல் எங்கேயாவது கோயிலில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், மையத்துக்குக் கேட்காதீர்கள். படம் எடுப்பதற்கும் ஊர்ப் பெரியவர்களின் அனுமதி வேண்டும்.

மலைக்காரன்:

கடைசிப் பத்தியை எழுதிய சாருக்கு நன்றி. டீச்சர், நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி பழங்குடிச் சமூகத்துப் பையன் (கேரளத்து மலையாளி இல்லை), இப்போது சேலத்தில் வேலை. உங்கள் மையத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். குறை சொல்ல வரவில்லை, நல்ல முயற்சி. ஆனால் எங்களைப் பற்றிய பலகை முழுக்க "வாழ்ந்தனர்", "வணங்கினர்", "பயிரிட்டனர்" என்று எழுதியிருக்கிறது. நாங்கள் இப்போதும் இருக்கிறோம். அதை முதலில் மாற்றுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி, மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போன கதையை என் தாத்தா சொல்ல மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அதை நீங்கள் நாலு வரியில் அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்கள். அதை ஒரு பெரியவர் உட்கார்ந்து சொல்லட்டும், மார்கழிக் குளிரில், மதியத்துக்கு மேல், அடுப்பு மூட்டி. பத்துப் பேர் கேட்டாலும் போதும். சொல்கிறவருக்குப் பொன்னாடை வேண்டாம், பணம் கொடுங்கள். கல்லூரியிலிருந்து வந்து பேசுகிறவருக்கு என்ன கொடுப்பீர்களோ அதே தொகை.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வரும். மேலே குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். குனிந்துதான் போக வேண்டும், அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது எங்கள் நம்பிக்கை. திருவிழாவை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து டிக்கெட் போட்டு ஆள் கூட்டிக்கொண்டு வராதீர்கள். வருகிறவர்கள் அவர்களாக வரட்டும், கும்பிடட்டும். அன்றைக்கு மையத்தைப் பூட்டிவிட்டு நீங்களும் வாருங்கள், சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அங்கேதான் இருப்போம். எங்கள் ஆட்டத்தையும் மையத்து மேடையில் ஆடச் சொல்லாதீர்கள். அது சாமிக்கு ஆடுவது.

காட்டக்கூடியது நிறைய இருக்கிறது. மழைக்கு விதைத்த சாமையும் கேழ்வரகும் அறுவடையாகி வீட்டுக்கு வந்த பிறகு, கார்த்திகை மார்கழியில், சாமை குத்துவதை ஒரு நாள் வையுங்கள். உரலில் உலக்கை போடுவது பலத்தால் நடக்கிற வேலை இல்லை, இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது கை தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். குத்தி முடித்து முறத்தில் புடைக்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் உமி கண்ணில் விழும். என் பெரியம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் கல் ஒரு ஓரம், குருணை ஒரு ஓரம், அரிசி நடுவில் என்று தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்க்க நான் இப்போதும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் அந்தச் சாமையைப் பொங்கி எல்லோரும் சாப்பிடலாம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த நாளும் கட்டணம் வேண்டாம். அவர்களைப் பார்வையாளராக மட்டும் கூப்பிடாதீர்கள், வழிகாட்டியாக எடுங்கள். எந்த மரத்தில் எப்போது பழம், காட்டெருமை எந்தத் தடத்தில் இறங்கும் என்பதெல்லாம் ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு இங்கே அத்துப்படி. அதைச் சொல்லிச் சம்பாதிக்கலாம் என்று தெரிந்தால் அவன் ஏன் திருப்பூருக்குப் போகப் போகிறான்?

ஏரிக்கரைக் கடை:

எல்லோரும் மே மாதத்தை ஒதுக்கிவிட்டே பேசுகிறீர்கள். ஏரிக்கரையில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மே மாதத்தை விடாதீர்கள். அப்போது வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒருமுறை வருகிறவர்கள். பிள்ளைகளுக்கு மலை என்பதையே முதல் தடவையாகக் காட்டக் கூட்டி வருகிறார்கள், ஈரோட்டிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் மாறி வருகிற குடும்பங்கள். அவர்களுக்கு இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒத்துவராது, பத்து நிமிடத்தில் ஒன்று கொடுங்கள். காந்தமும் இரும்புக்கல்லும் என்று சார் சொன்னாரே, அதை உள்ளே வைக்காமல் வாசலில் வையுங்கள். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் "இது தோட்டத்துப் பூ, காட்டுப் பூ பார்க்கிறீர்களா?" என்று கேட்டு ஒரு சின்ன நடை, அரை மணிக்கு ஒருமுறை. வழி தெரியாமல் குழம்புகிறவர்களுக்காகப் பாதையில் இரண்டு இடத்தில் அம்புக்குறியும் போடுங்கள். கூட்டம் வருகிற மாதத்தில் கிடைக்கிற உண்டியல் பணம்தான் மழை மாதத்துக் கரண்ட் பில்லைக் கட்டும்.

வாலாட்டி:

டீச்சர், பறவைக்காக வாரம் ஒருமுறையாவது மலையேறுகிறவன் நான். அக்டோபர் முதல் மார்ச் வரை உங்கள் மையத்துக்கு வேலை கொடுப்பது பறவைகள்தான். வடக்கே குளிர் ஆரம்பித்ததும் கரும்சாம்பல் வாலாட்டி வந்துவிடும். ஓடை ஓரம், பாலத்துக்கு அடியில், சில சமயம் உங்கள் வாசல் தண்ணீர்க் குழாய் பக்கமே வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். அதை அடையாளம் காணப் பைனாகுலர்கூட வேண்டாம், அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல பறவை இல்லை. "இந்த வருடம் முதல் வாலாட்டியை யார் பார்த்தது" என்று ஒரு பலகை வைத்துப் பெயரும் தேதியும் எழுதுங்கள், சில வருடம் சேர்ந்தால் அதுவே ஒரு ஆவணம். ஆறுமணிக்குருவியும் அந்தக் காலத்தில்தான் வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிற பறவை, விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுருதியில் விசில் அடிக்கும், ஆளைக் காட்டாது. பிள்ளைகளை ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் உட்காரவைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம், காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும், அங்கே தொடங்குங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, தமிழ்நாடு முழுக்க நான்கு நாள் நடக்கும். யாரும் கலந்துகொள்ளலாம், குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எழுதி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போட்டால் போதும். கீழே சேலத்து மூக்கனேரியில் காலையில் பார்த்துவிட்டு மதியம் மேலே வந்தால் ஏரிப்பறவையும் மலைப்பறவையும் ஒரே நாளில். மலைப்பாதை ஓரப் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்டு. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பறவை, எண்ணிக்கை குறைந்துவருவதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அது எங்கே கூடு கட்டுகிறது என்பதை மட்டும் எந்தப் பலகையிலும் எழுதாதீர்கள், படம் எடுக்கிறவர்கள் கூட்டம் அங்கேயே நிற்கும். பறவைக் குரலைப் போனில் போட்டு வரவழைப்பதையும் மையத்தின் விதியாகவே தடை செய்யுங்கள்.

ஒரு நடைக்கு ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பின்வரிசையில் இருப்பவர் ஒன்றும் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் அடுத்த முறை வர மாட்டார்.

இன்னொரு யோசனை, ஜூலைக்கு. அந்த மாதக் கடைசி வாரத்தை உலகமெங்கும் அந்துப்பூச்சிகளுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். நிலவு இல்லாத இரவில் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கை வையுங்கள், ஒரு மணி நேரத்தில் துணி நிறைந்துவிடும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், பூச்சிக்கும் அதன் வேலை இருக்கிறது. சேலத்துக்காரர்கள் இரவு இறங்க முடியாது, மேலேயே இருக்கிறவர்களுக்கான நிகழ்ச்சியாக இதை வையுங்கள். ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ராத்திரி வேறு என்ன இருக்கிறது?

கோரிமேடு அம்மா:

எல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய அம்மாவாகச் சில விஷயங்களைக் கேட்கிறேன். பெண்கள் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். நிகழ்ச்சி சேலம் பஸ் வந்து சேரும் நேரத்தைப் பார்த்துத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிவிடுகிற மாதிரி முடிய வேண்டும். குழந்தைகளுக்கு மேலே வந்ததும் தலைசுற்றும், வாந்தி எடுக்கும், முதல் அரை மணி நேரம் உட்காரவைத்து மோரோ சுக்குக் காபியோ கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். மழை நாளில் நிகழ்ச்சி ரத்து என்றால் காலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதை மறக்க முடியாது. பனி மூட்டம், காட்டெருமை இரண்டுக்கும் என்ன செய்வீர்கள் என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். கட்டணம் வையுங்கள், நாங்கள் கொடுப்போம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள்.

கன்னங்குறிச்சி டீச்சர்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு குழுவில் இதை அப்படியே வாசித்தோம். சில முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

தம்பி மலைக்காரன், பலகையில் உள்ள எழுத்தை மாற்றும் வேலை இந்த வாரமே தொடங்குகிறது. எழுதியதை அச்சுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஊரில் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்றால்தான் ஒட்டுவோம். சாமை குத்தும் நாளுக்கு உங்கள் பெரியம்மாவிடம் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், அவருக்கு எந்த நாள் தோதோ அதுதான் தேதி. திருவிழா அன்று மையம் பூட்டு. வழிகாட்டியாக வருகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் என்பதில் குழுவில் ஒருவருக்குத் தயக்கம், படிக்கிற பிள்ளைகளுக்குப் பணம் பழகிவிடும் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை வைத்து, பள்ளி இல்லாத நாளில் மட்டும், பெற்றோர் கையெழுத்தோடு தொடங்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். அதற்கும் கீழே உள்ள பிள்ளைகள் மழைமானியும் வாலாட்டிப் பலகையும் பார்த்துக்கொள்வார்கள்.

கல் மேசைக்கு சார் சொன்ன நான்கு கல்லோடு போதும், ஐந்தாவது வைக்கப்போவதில்லை. வாசலில் காந்தம். மே மாதத்தை விடவில்லை, பத்து நிமிட நடைதான். தேவாலயத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதிவிட்டோம். கட்டணம் மலைக்கிராமத்தாருக்கு இல்லை, சேலத்துக் குடும்பங்களுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தொகை. கோரிமேடு அம்மா கேட்ட கழிப்பறைதான் எங்கள் முதல் செலவு, குழாய்க்காரர் வியாழக்கிழமை வருகிறார்.

காபிக்களம் அண்ணா, ஒரு சந்தேகம். பூமழைக்கு ஒரு அங்குலம் என்றீர்கள். எங்கள் மையத்தில் ஒரு அங்குலம் பதிவானாலும் வாழவந்தியில் தூறலோடு போயிருக்கலாம் இல்லையா? எந்த மழைமானியை நம்பி மக்களைக் கூப்பிடுவது?

காபிக்களம்:

சரியான கேள்வி டீச்சர். மலையில் ஒரு மேட்டுக்கு விழுந்த மழை அடுத்த மேட்டுக்கு விழாது. எந்தத் தோட்டத்துக்கு மக்களைக் கூட்டிப் போகப் போகிறீர்களோ அந்தத் தோட்டத்து மழைமானிதான் கணக்கு. எஸ்டேட்காரர்கள் எல்லோரும் தினம் மழை அளவு எழுதுவார்கள், அது பழக்கம். நாகலூர்ப் பக்கம் ஒன்று, வாழவந்திப் பக்கம் ஒன்று, மஞ்சக்குட்டைப் பக்கம் ஒன்று என்று மூன்று தோட்டங்களில் பேசிவையுங்கள், எங்கே முதலில் மழை விழுகிறதோ அங்கே முதல் நடை, அடுத்த மழைக்கு அடுத்த தோட்டம். மழை பெய்த ஆறாம் நாள் நான் மொட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அது பருத்து வெள்ளை தட்டியிருந்தால் வண்டிக்குச் சொல்லிவிடலாம். மழைமானி பழையது ஒன்று எங்கள் ஸ்டோரில் சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காரன்:

பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன் டீச்சர். வருவதாகச் சொன்னார். முறத்தை அவரே கொண்டுவருவாராம், கடையில் வாங்கிய முறம் வேண்டாம் என்கிறார். உரல் மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும்.